வளைவுச் சுவரின் மச்சங்கள்

ஆனி மாதத்துக் கடைசிப் புதன்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, திருப்பூருக்கு மேற்கே பழைய சாயப்பட்டறைக் கொட்டகையில் நடந்துவந்த படக்கூடத்துக்குள் இருந்தவர்கள் இவர்கள்: படம் எடுக்கும் ஜெயசீலன், எடுத்த படத்தைக் கணினியில் திருத்தும் அப்சல், பனியன் கம்பெனியிலிருந்து மேற்பார்க்க வந்த கிருபாகரன், முகப்பூச்சுப் போடும் ரோஸ்லின், அரைக்கைச் சட்டைக்கு நிற்க வந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் குழந்தையப்பன், சுடிதாருக்கு நிற்க வந்த தர்ஷனா என்ற கல்லூரிப் பெண், துணிகளுக்கு அயர்ன் போட்டு ஊசி குத்தித் தர வந்த மயிலாத்தாள், அவள் பெற்றுப் பத்து மாதமான இரட்டைப் பெண் குழந்தைகள், லைட் மாசிலாமணி. ஆக மொத்தம் பத்துப் பேர். வாசலில் படுத்திருந்த நாயைச் சேர்க்கவில்லை.

ஃபிளாஷ் லைட் ஐந்து, ஸ்டாண்ட் ஒன்பது, மணல் மூட்டை பன்னிரண்டு, வெளிச்சத்தை மெத்தென்று ஆக்கும் துணிப்பெட்டி இரண்டு, வெள்ளைத் தெர்மாகோல் நான்கு, வெளிச்சம் விழக்கூடாத இடத்தில் விழாமல் தடுக்கச் சட்டத்தில் கட்டிய கறுப்புத் துணி மூன்று. இதை மாசிலாமணி காலையில் எண்ணி இறக்கினார், மாலையில் எண்ணி ஏற்றுவார், முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான், அத்தனை வருஷத்தில் ஒரு திருகாணி குறைந்ததில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வயது ஐம்பத்தெட்டு. யாரிடம் பேசினாலும் பக்கத்திலிருக்கும் விளக்கைப் பார்த்துத்தான் பேசுவார், அதிலும் சொல்லைவிட எண்ணே அதிகம் வரும்; சாப்பிட்டாச்சா என்று கேட்டால் "நாலு இட்லி" என்பார்.

அந்தக் கூடத்தின் மேற்குச் சுவருக்கு மூலை கிடையாது. சுவர் இறங்கித் தரையைத் தொடுமிடத்தில் வளைத்துப் பூசி, தரையோடு தரையாக ஒரே வெள்ளையாக அடித்திருந்தார்கள். அதன் முன் நின்றவர்கள் எங்கேயும் நிற்காதவர்கள் போலத் தெரிவார்கள். வாங்குகிறவர்களுக்கு அதுதான் வேண்டும்; சட்டை தெரிய வேண்டும், சட்டைக்குள் ஒரு ஆள் தெரிய வேண்டும், ஆள் எந்த ஊரில் எந்தத் தரையில் நிற்கிறார் என்பது தெரியக்கூடாது. எல்லோரும் அதை வளைவு என்றே சொன்னார்கள்.

அன்றைக்குக் குழந்தைத் துணிக்கு வரவேண்டிய குழந்தைக்குக் காய்ச்சல். கிருபாகரன் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அயர்ன் மேசைக்கடியில் உட்கார்ந்திருந்த இரண்டையும் காட்டி, "இதுங்களுக்கே போட்டு எடுத்துரலாமே" என்றான். மயிலாத்தாள் சரியென்றாள்.

இரண்டும் ஒரே அச்சு. முதலில் பிறந்தவள் பெரியவள், ஏழு நிமிஷம் கழித்துப் பிறந்தவள் சின்னவள், சின்னவளுக்கு இடது காதுக்குக் கீழே கடுகில் பாதி அளவுக்கு ஒரு மச்சம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த அரைக் கடுகின் மேல் இரண்டு வீடு நின்றது. மயிலாத்தாளின் லாரி ஓட்டும் புருஷனுக்குக் காங்கயத்துப் பக்கம் ஒரே அக்காள், பொன்னாத்தாள், கல்யாணமாகிப் பதினாலு வருஷமாகியும் குழந்தை இல்லை. இரட்டை என்று தெரிந்த அன்றே தம்பி அக்காளுக்கு ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டான். மயிலாத்தாளை யாரும் கேட்கவில்லை. எதைத் தருவது என்பதைச் சாமியிடம் கேட்டார்கள். கோயிலில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டுப் பூ வாக்குக் கேட்டதில், பெரியவள் பிறந்த வீட்டில் இருக்கலாம், சின்னவள் அங்கே போகலாம், மாறிப் போனால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது என்று வந்தது. ஆவணி இரண்டாம் வெள்ளி என்று நாளும் குறித்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். அந்தப் பருவத்து விலைப்புத்தகத்துக்கு அறுபத்து மூன்று பக்கம், பக்கத்துக்கு ஒரு ஆள், கடைசிப் பக்கத்தில் மட்டும் இரட்டைக் குழந்தைகள், ஆக அறுபத்து நான்கு முகம். தோலில் ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது என்று வாங்குகிறவர்கள் எழுதியிருந்தார்கள். அப்சல் ஒவ்வொரு படமாகத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தால் மூன்று நாளாகும், ஆகவே அறுபத்து மூன்றையும் ஒன்றாக அடுக்கி, ஒரே ஆணையில் எல்லாப் புள்ளியும் அழியும்படி செய்துவைத்திருந்தான். கேமராவிலிருந்து கணினிக்குக் கேபிள் போட்டிருந்தது. ஐந்து லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. கடைசிப் படமும் வந்து சேர்ந்ததும் அப்சல் பொத்தானை அழுத்தினான், ஃபிளாஷ்கள் யாரும் சொல்லாமலே ஒரு தடவை அடித்தன, பிறகு மறுபடி சார்ஜ் ஏறியதற்கு அடையாளமாக ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து தடவை பீப் என்றன.

"ட்ரிக்கர்ல ஏதோ கோளாறு" என்றார் ஜெயசீலன்.

மயிலாத்தாள் ஒரு குழந்தையின் வாயைத் துடைத்தாள், மற்றதன் வாயையும் துடைத்தாள், பிறகு மறுபடி முதல் குழந்தையின் காதை மடித்துப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, பவுடர் ஏதாச்சும் போட்டீங்களா?"

"குழந்தைங்களுக்கு நான் எதுவும் போடலியே" என்றாள் ரோஸ்லின்.

"சின்னவளுக்கு மச்சத்தைக் காணோமுங்க."

தர்ஷனா கண்ணாடியில் பார்த்து வலது கன்னத்தைத் தடவினாள். குழந்தையப்பன் புருவத்தைத் தடவினார். மாசிலாமணிதான் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் காலையில் அவர் கையால் துடைத்து வைத்த சுவர் அது.

இப்போது அதில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். ஈ உட்கார்ந்த அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார், பூச்சு வந்தது, புள்ளி வரவில்லை. சுரண்டிய குழியின் அடியில் அதே கறுப்போடு இருந்தது. பிறகு அவர் செய்யத் தெரிந்ததைச் செய்தார்: இடது ஓரத்திலிருந்து எண்ணினார். மச்சமும் மருவும் தழும்பும் தீக்காயமும் அம்மை வடுவுமாக இருநூற்றுப் பன்னிரண்டு. அப்சலின் மேசைக்குப் போய், எத்தனை புள்ளி அழித்தாய் என்று கேட்டார். அவன் திரையின் கீழே வந்திருந்த கணக்கைப் படித்தான்.

"இருநூத்திப் பன்னெண்டு."

"அப்ப சரியா இருக்குது" என்றார் மாசிலாமணி, விளக்கைப் பார்த்து.

மறுநாள் காலை குழந்தையப்பன் ஒரு மஞ்சள் பையோடு வந்து வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். பஸ் படிக்கட்டில் விழுந்து வாங்கிய புருவத் தழும்பு முப்பது வருஷமாக அவர் முகத்தில் இருந்தது. அது இல்லாமல் வீட்டுக்குப் போனதும் அவர் சம்சாரம் கதவை அரைவாசி திறந்து, "என்ற ஊட்டுக்காரருக்குப் புருவத்துல வெட்டு இருக்கும். அதைக் கொண்டுக்கிட்டு வாங்கோ, சோறு போடறேன்" என்று சொல்லிச் சாத்திவிட்டாளாம்.

"குரலை வெச்சுத் தெரியிலீங்களாமா?" என்று அப்சல் கேட்டான்.

"குரல்ல என்ன, ரேடியோவுலகூட என்னைய மாதிரி பேசறானுங்கன்னுட்டா."

ஜெயசீலனுக்கு எப்படியும் சட்டைப் படத்தை இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருந்தது. குழந்தையப்பனை வளைவில் நிறுத்தினார்கள். ஃபிளாஷ் அடித்தது. அந்த வெளிச்சம் கண்ணிலிருந்து போவதற்குள் அவர் புருவத்தில் பழைய வெட்டு இருந்தது, சுவரில் அவருக்குப் பின்னால் அதே உயரத்தில் இருந்த வெட்டு போயிருந்தது. மாசிலாமணி எண்ணினார். இருநூற்றுப் பதினொன்று. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் வரியில் குழந்தையப்பன், தழும்பு ஒன்று, திரும்பியது என்று எழுதினார்.

செய்தி திருப்பூரில் பரவுவதற்கு ஒரு நாள்தான் ஆனது. வியப்பதற்கு யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரு வேலை கெட்டிருந்தது. தர்ஷனாவின் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் வலது கன்னத்தில் மச்சம் என்று எழுதியிருந்ததால் மேற்படிப்புக்குச் சான்றிதழ் பார்த்த இடத்தில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவள் மூன்றாம் நாள் வந்து வாங்கிக்கொண்டு போனாள். பாஸ்போர்ட் எடுத்தவர்கள் வந்தார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு பையனின் தாயார், பெண் வீட்டார் பார்த்துப் பிடித்துப்போன மச்சம் எங்கே என்று கேட்டு அவனையும் இழுத்துக்கொண்டு வந்தாள். கம்பெனிக்காரர்கள் டோக்கன் கொடுத்தார்கள். எதிர்ச் சாரியில் டீக்கடை முளைத்தது. மச்ச பலன் சொல்கிறவர் ஒருவர் வாசலில் விரிப்பு விரித்து, ஆள் வராத மச்சங்களுக்குக்கூட பலன் சொன்னார். தோளுயரத்தில் வலப்பக்கம் இருக்கும் பெரியது ஒன்று யானை கட்டி ஆளும் என்றதைக் கேட்டு, ஒரு நூல் புரோக்கர் சட்டையைக் கழற்றி அதற்கு நேராகப் போய் நின்றார். ஃபிளாஷ் அடித்தது. மச்சம் அசையவில்லை.

"உங்களுக்கு வராதுங்க" என்றார் மாசிலாமணி.

"இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க."

அவர் இன்னும் மூன்று தடவை அடித்துக் காட்டினார். நாலும் வீண் என்று நோட்டில் எழுதினார்.

ஆனால் ஆள் இல்லாத வேளையில் அந்தக் கூடத்துக்குள் தனியே இருக்க எவரும் விரும்பவில்லை, மாசிலாமணியைத் தவிர. புள்ளிகள் சுவரில் கண்டபடி இறைந்து கிடக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் ஆளின் உயரத்தில், ஆளின் உடம்பில் எங்கே இருந்ததோ அங்கே நின்றது. கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால் கன்னங்கள் தெரியாமல் கன்னத்து மச்சங்கள், தோள்கள் தெரியாமல் தோள் வடுக்கள், ஒரு கூட்டமே முகமில்லாமல் நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். அவை ஆடாமலும் இல்லை. காலை எட்டரைக்கு எல்லாம் வேகவேகமாக ஒரு பக்கமாய் நகர்ந்தன, கம்பெனிக்குப் போகும் நேரம் அது. மதியம் ஒரு மணிக்கு ஒவ்வொன்றாய் இறங்கின. சுவர் சாப்பிட உட்கார்ந்தது. மாசிலாமணி தூக்குப்போசியைத் திறந்து எதிரில் அமர்ந்து தானும் சாப்பிட்டார். அவருக்குக் கூட்டத்தோடு சாப்பிடக் கூச்சம் உண்டு, அந்தக் கூட்டத்தோடு இல்லை.

எல்லாவற்றுக்கும் கீழே, தரையிலிருந்து முக்கால் சாண் உயரத்தில், சுவர் தரையாக வளையும் இடத்தில், அரைக் கடுகு ஒன்று தவழ்ந்துகொண்டிருந்தது.

வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். கழுத்திலிருந்து தோள் வரைக்கும் கொதிதண்ணீர் கொட்டிய தழும்பு கொண்டிருந்த ஒரு பெண், உள்ளாடைப் படத்தில் அந்தத் தோளைத் திருப்பியே நின்றவள், ஒரு நாள் வந்தாள். வளைவுக்குப் பத்தடி தள்ளி நின்று, சுவரில் ஒரு தோளின் வடிவத்தில் ஏறி இறங்கி மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அந்தத் தழும்பை நெடுநேரம் பார்த்தாள்.

"அது அங்கியே இருக்கட்டுங்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாசிலாமணி அவள் பெயருக்கு எதிரே வேண்டாம் என்று எழுதினார். அப்படி எழுதியவை நாளாக நாளாகக் கூடின. திரும்பியது எத்தனை, வேண்டாம் என்றது எத்தனை என்று தினமும் கூட்டி, சுவரையும் எண்ணிச் சரிபார்த்தார். ஒரு நாளும் பிசகவில்லை. ஊரில் எவருக்காவது சந்தேகம் வந்தால், "லைட்காரர் நோட்டுல என்ன இருக்குது?" என்று கேட்டார்கள், அவர் சொன்னதற்கு மேல் பேச்சில்லை.

மயிலாத்தாள் மட்டும் குழந்தைகளைக் கொண்டுவரவில்லை. தினமும் வேலைக்கு வந்தாள், அயர்ன் போட்டாள், குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். முதலில் சளி என்றாள். பிறகு தடுப்பூசி போட்ட கால் வீங்கியிருக்கிறது என்றாள். ஆடி பிறந்ததும் ஆடியில் வேண்டாம் என்றாள்.

"பெத்தவளுக்குத் தெரியாதா எது பெரியவ, எது சின்னவன்னு?" என்றான் கிருபாகரன் ஒரு நாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சொல்லுங்கோ சார்" என்றாள் அவள், இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டில் புருஷனும் கேட்டான். சாமியிடம் மறுபடி பூ கேட்கலாம் என்று போனதற்குப் பூசாரி, ஒருக்கா கேட்டு வாங்கிய வாக்கை இன்னொருக்கா கேட்கக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எது சின்னவள் என்று தெரியாமல் எதையும் கொடுக்க முடியாது. எது சின்னவள் என்று சொல்ல வளைவின் அடியில் தவழும் ஒன்றுதான் மிச்சம்.

ஆடி கடைசி வாரத்தில் ஒரு நாள் மற்றவர்கள் டீக்குப் போயிருந்தபோது, மாசிலாமணி கேபிளைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார். மயிலாத்தாள் வளைவின் அடியில் குந்தியிருந்தாள். கட்டைவிரலை அந்த அரைக் கடுகின் மேல் வைத்திருந்தாள். அது விரலுக்கடியிலிருந்து நழுவி ஒரு அங்குலம் தள்ளிப் போயிற்று. விரலும் பின்னால் போயிற்று.

"ஏனுங்ணா" என்றாள், திரும்பாமலே. "எண்ணிக்கிட்டே வாறீங்க, நடுவால ஒண்ணைத் தாண்டிப் போயிட்டா என்னாயிரும்?"

மாசிலாமணி கேபிளைப் பார்த்தார்.

"தாண்டிப் போனா அது எண்ணிக்கை இல்லீங்கம்மணி."

"உங்களுக்கு எப்பவாச்சும் தப்பியிருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"ஒருக்காகூட?"

"இல்லீங்க."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். "பாலு குடிக்கறப்ப ரெண்டும் ஒரே மாதிரிதானுங்ணா என்ற தாலியைப் பிடிச்சுக்குதுங்க" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய் ஆறிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். அவர் அன்றைக்குக் கேபிளை இரண்டு தடவை எண்ணினார்.

ஆவணி இரண்டாம் வெள்ளிக்கிழமை, அதாவது நாற்பத்தைந்தாம் நாள், காலை பத்தேகாலுக்குப் பொன்னாத்தாள் வந்தாள். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்றாக இரண்டு குழந்தைகளையும் அவளே தூக்கிக்கொண்டு வந்தாள், பின்னால் மயிலாத்தாள் வந்தாள். பொன்னாத்தாள் அதட்டிப் பேசுகிறவள் அல்ல. ஒல்லியான உடம்பு, வெளுத்த பச்சைச் சேலை, கையில் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள், படக்கூடத்துக்குள் அப்படி யாரும் நுழைந்ததில்லை.

"தம்பி சொன்னானுங்க, இங்க வந்து நின்னா வந்துருமுன்னு" என்றாள் ஜெயசீலனிடம். "எனக்கு எது வந்தாலுமே போதுமுங்க. சாமி சொல்லிப்போட்டதால கேக்கறேன். மாத்தித் தூக்கிட்டுப் போயி, நாளைக்கு அதுக்கு ஒரு சொகமில்லாமப் போனா என்னால தாங்க முடியாதுங்க."

ஜெயசீலன் மாசிலாமணியைப் பார்த்தார். "அண்ணே, லைட் போட்டுருங்க."

அப்போது சுவரில் முப்பத்தொன்பது இருந்தன. முப்பத்தெட்டு, வேண்டாம் என்றவர்களுடையவை. ஒன்று அரைக் கடுகு.

மாசிலாமணி இரண்டு லைட்டை இழுத்து வைத்தார். துணிப்பெட்டியை மாட்டினார். ஸ்டாண்டுகளின் காலில் மணல் மூட்டை வைத்தார், எண்ணி நாலு. தெர்மாகோலைச் சாய்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து மூன்று கறுப்புத் துணிச் சட்டங்களில் ஒன்றை எடுத்து, தினமும் செய்கிற வேலையைச் செய்கிறவர் போல அதை வளைவின் அடியில், தரையோடு தரையாக, ஒன்றரைச் சாண் அகலத்துக்கு வெளிச்சம் விழாதபடி நிறுத்தினார். மயிலாத்தாள் அயர்ன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது.

குழந்தைகளை வளைவில் உட்கார வைத்தார்கள். ஃபிளாஷ் அடித்தது. குழந்தைகள் கண்ணைச் சிமிட்டின, ஒன்று சிரித்தது. அப்சல் போய் இரண்டின் இடது காதையும் மடித்துப் பார்த்தான்.

"இல்லீங்க."

இன்னொரு தடவை அடித்தார்கள். இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் பீப் என்று மறுபடி சார்ஜ் ஏறியது.

பொன்னாத்தாள் மாசிலாமணியின் பக்கம் வந்தாள். "ஏனுங்ணா, நீங்கதான் கணக்கு வெச்சிருக்கறதாச் சொன்னாங்க. செவுத்துல இன்னும் எத்தனை இருக்குதுங்க?"

மாசிலாமணி விளக்கைப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது.

"முப்பத்தெட்டுங்க" என்றார்.

"எல்லாத்துக்கும் ஆள் தெரியுமுங்களா?"

"முப்பத்தெட்டுக்கும் பேர் எழுதியிருக்குதுங்க. எல்லாம் வேண்டாம்னு சொன்னவங்களது."

"நான் ஒருக்கா எண்ணிப் பாத்துக்கட்டுங்களா? சந்தேகமில்லீங்க. வந்ததுக்கு ஒரு மனசு ஆறட்டும்னுதான்."

யார் வேண்டாம் என்பார்கள். அவள் இடது ஓரத்தில் தொடங்கினாள். சுவரைத் தொடாமல் விரலை ஒரு நூல் தள்ளி நீட்டி, ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டு ஒரு எண்ணாக, ஒன்று, ரெண்டு, மூணு என்று மெதுவாக வந்தாள், கொதிதண்ணீர்த் தழும்பின் முன் சற்று நின்று அதையும் ஒன்றாக எண்ணினாள். உட்கார்ந்திருந்த குழந்தைகளில் ஒன்று அவள் குரலைக் கேட்டு, இரண்டு கையையும் ஊன்றி, அவளை நோக்கித் தவழ ஆரம்பித்தது. அது ஒரு முழம் நகர்ந்தது. கறுப்புத் துணியின் வலது விளிம்பிலிருந்து அரைக் கடுகு ஒன்று வெளியே வந்தது.

மாசிலாமணி அதைப் பார்த்தார். மயிலாத்தாளும் பார்த்தாள்.

"முப்பத்தாறு, முப்பத்தேழு" என்று பொன்னாத்தாள் குனிந்தபடி வந்தாள். "முப்பத்தெட்டு" என்றாள். விரல் அடுத்த இடத்துக்குப் போய் நின்றது.

குழந்தை தவழ்ந்தது, புள்ளி தவழ்ந்தது. குழந்தை நின்று அவள் கால்விரலைத் தொட்டுப் பார்த்தது; புள்ளி நின்றது. பொன்னாத்தாள் சுவரைப் பார்த்தாள், கீழே குழந்தையைப் பார்த்தாள், பிறகு தலையைத் திருப்பி, மேசை விளிம்பைப் பிடித்து நின்ற மயிலாத்தாளைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்பதை மட்டும் மாசிலாமணியால் எண்ண முடியவில்லை.

"இந்தக் கறுப்புத் துணி எதுக்குங்ணா?" என்று கேட்டாள்.

"வெளிச்சம் விழக்கூடாத இடத்துல விழாம இருக்கறதுக்குங்க."

"கோணலா நிக்குதுங்க" என்றாள் பொன்னாத்தாள். குனிந்து, சட்டத்தின் காலைப் பிடித்து வலது பக்கமாக ஒரு சாண் நகர்த்தி, நேராக்கி வைத்தாள். துணியின் மடிப்பையும் நீவிவிட்டாள்.

"முப்பத்தெட்டு. நீங்க சொன்னது சரியா இருக்குதுங்க."

அவள் தரையில் உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து கொலுசு ஜோடியை எடுத்து, கொக்கியைப் பல்லால் கடித்துப் பிரித்து, ஆளுக்கு ஒன்றாக இரண்டு குழந்தைகளின் வலது காலிலும் போட்டாள். எது எதற்கு என்று பார்க்கவில்லை. பிறகு எழுந்தாள்.

"மயிலா, தம்பிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"நங்கையா" என்று நாத்தனார் முறை சொல்லி மட்டும் கூப்பிட்டாள் மயிலாத்தாள்.

"வெயிலுக்கு முன்னால பஸ்ஸைப் பிடிக்கோணும்" என்றாள் பொன்னாத்தாள். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்ததை மாசிலாமணியைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் மாசிலாமணி கூடத்தைத் திறந்தபோது, வேண்டாம் என்றவர்களுடைய புள்ளிகளும் தழும்புகளும் காய்ந்த பொருக்குகளாகச் சுவரடியில் உதிர்ந்து கிடந்தன. முறத்தில் கூட்டி அள்ளி, எண்ணி, முப்பத்தெட்டு என்று சரிபார்த்து, முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் போட்டார். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லத் தெரியாதவளுடையது உதிரவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வளைவுக்கு வெள்ளை அடித்தார்கள், நாலாம் பூச்சுக்கும் மேலே அது வந்து நின்றது. படம் எடுக்கும்போது அதற்கு நேராக ஒரு கறுப்புத் துணி நிற்கும், அது மாசிலாமணி அண்ணன் பழக்கம் என்று விட்டுவிட்டார்கள். பொன்னாத்தாள் பொங்கலுக்கும் ஊர்க் கோயில் நோம்பிக்கும் வருவாள், வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி எடுத்துவருவாள், சில நாள் இரண்டையும் தூக்கிக்கொண்டு காங்கயம் போவாள், இரண்டையும் கொண்டுவந்து விடுவாள்.

பெண்களுக்கு இப்போது நாலு வயது முடிந்தது. பள்ளிவிட்டு மயிலாத்தாளோடு கூடத்துக்கு வந்து விளையாடுவார்கள். அவர்கள் வருகிற சத்தம் கேட்டதும் மாசிலாமணி துணியை எடுத்து நிறுத்திவிடுவார். ஒருத்தி ஓடினால் துணிக்குப் பின்னால் ஒன்று ஓடும். ஒருத்தி ஒளிந்தால் அது அசையாமல் நிற்கும். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். யாரும் அவரைக் கேட்கவில்லை.

மாலையில் அவர் எண்ணி ஏற்றுகிறார். ஃபிளாஷ் ஐந்து, ஸ்டாண்ட் ஒன்பது, மணல் மூட்டை பன்னிரண்டு, துணிப்பெட்டி இரண்டு, தெர்மாகோல் நான்கு. கறுப்புத் துணி, பெட்டிக்குள் இரண்டு. பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு, திரும்பியது நூற்றெழுபத்து மூன்று, உதிர்ந்தது முப்பத்தெட்டு. அதற்குக் கீழே முதலில் முக்கால் சாண் என்று எழுதி அடித்து, ஒவ்வொரு வருஷமும் புதிதாக எழுதி அடித்து வந்த வரியில் இப்போது தரையிலிருந்து இரண்டடி ஒன்பது அங்குலம் என்று இருக்கிறது. மிச்சம், ஒன்று.